மீண்டு வரும் ராக்கெட்

ராக்கெட்டு என்ற மாத்திரத்தில் நம் மனக்கண்ணில் எழுவது, கோடிக்கணக்கான பணத்தையும் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளின் உழைப்பையும் விழுங்கிக்கொண்டு, ஒரு தேசத்தின் கௌரவத்தையே தன் தலையில் சுமந்து வானமேறும் ராட்சத யந்திரந்தான். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வார விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய புல்வெளியில் கூடி, காகிதக் குழாயாலும் இலேசான மரத்தாலும் தாங்களே இழைத்து ஒட்டிச் செய்த சிறு ராக்கெட்டுகளை ஏவுவதையே நல்ல பொழுதுபோக்காகக் கொண்ட சங்கங்கள், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகின்றன. பள்ளிச் சிறுவரும், அவர்களை அழைத்து வரும் பெற்றோரும், தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வாரமெல்லாம் உழைத்து வருவோரும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியோரும் அங்கே ஒரே வரிசையில் நின்று தம் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். இச்சங்கங்களின் வரலாற்றையும் அவற்றின் கைத்தொழில் நுட்பங்களையும் படிக்கப் படிக்க, ஓர் எண்ணம் என்னுள் வலுப்பெற்று வந்திருக்கிறது. ஒரு ராக்கெட்டு எவ்வளவு உயரம் ஏறியது என்று கேட்பது பாதிக் கேள்வியே. ஏறியது பழுதின்றி மீண்டு வந்ததா என்பதும் சேர்ந்தால்தான் அது முழுக் கேள்வியாகும். இந்தப் பிற்பாதியைத் தங்கள் அஸ்திவாரமாக வைத்துக்கொண்டமையாலேயே அந்தச் சங்கங்கள் இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் ருஷ்யா ஸ்புட்னிக் என்னும் சின்னஞ்சிறு செயற்கைக் கோளை வானில் மிதக்கவிட்டபோது, அமெரிக்கச் சிறுவர்களின் உள்ளத்தில் மூண்ட ஆவலைத் தடுத்து நிறுத்த யாராலும் இயலவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, வீட்டின் நிலவறையிலும் வண்டிக் கொட்டகையிலும் ஒளிந்திருந்து, கையில் அகப்பட்ட ரசாயனத் தூள்களையெல்லாம் கலந்து உலோகக் குழாய்களில் அடைத்துத் தீ வைத்துப் பார்க்கும் வழக்கம் அவர்களிடையே பரவியிருந்தது. குழாய் உலோகமானபடியாலும், தூளின் இயல்பைச் சிறுவர் அறியாதபடியாலும், ராக்கெட்டாக எழ வேண்டியது பல சமயங்களில் குண்டாகவே வெடித்தது. விரலை இழந்தவரும் கண்ணை இழந்தவரும் உண்டு. உயிரையே இழந்தவரும் உண்டு. இதைக் கண்ட பெரியோர் பலர், ராக்கெட்டு விளையாட்டை அடியோடு தடை செய்வதே வழி என்றனர். ஆனால் தடைச் சட்டத்தால் ஒரு தலைமுறையின் ஆவலை அணைத்துவிட முடியாது என்பதையும், அதற்குப் பாதுகாப்பான ஒரு பாதையை வகுத்துத் தருவதே விவேகம் என்பதையும் உணர்ந்தவர் சிலரும் இருந்தனர்.

அவர்களில் முதன்மையாகச் சொல்ல வேண்டியவர் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் காலணிக் கடை நடத்தி வந்த ஆர்வில் கார்லைல் என்பவர். அவருக்கு வாண வேடிக்கையில் தேர்ந்த பயிற்சி இருந்தது. அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கோ மாதிரி விமானங்களில் ஈடுபாடு. ராக்கெட்டின் தத்துவத்தைப் பிறருக்கு விளக்கிக் காட்ட ஒரு சிறு மாதிரி வேண்டும் என்று சகோதரர் விரும்பியபோது, 1954-ஆம் ஆண்டில் கார்லைல் ஒரு பொருளைச் செய்தார். உடல் காகிதக் குழாய்; வாலில் இலேசான மரச் சிறகுகள்; உள்ளே, எரிந்து தீர்ந்ததும் எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகிக்கொள்ளத் தக்க, காகித உறையிட்ட சிறு மருந்துக்குழல்; அதற்கும் மேலே மடித்து வைத்த ஒரு பாராசூட். உச்சியை அடைந்ததும் மூக்கு கழன்று, பாராசூட் விரிந்து, முழுப் பொருளும் மெல்ல மண்ணில் இறங்கும். இன்னொரு குழலைச் செருகினால் மீண்டும் பறக்கும். இதற்கு அவர் இட்ட பெயர் ராக்-ஏ-சூட் என்பது. ராக்கெட்டையும் பாராசூட்டையும் ஒரே சொல்லாக இணைத்த அந்தப் பெயரிலேயே அவருடைய கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அதே காலத்தில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் வெள்ளை மணல் ஏவுதளத்தில் ராக்கெட்டுப் பரீட்சைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர் ஜி. ஹாரி ஸ்டைன். இளைஞர்கள் தாமாக ராக்கெட்டு செய்ய முற்படுவதில் உள்ள அபாயங்களைப் பற்றி அவர் 1957-இன் தொடக்கத்தில் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையைப் படித்த கார்லைல், அவருக்குக் கடிதம் எழுதியதோடு தம் மாதிரிகளையும் அனுப்பி வைத்தார். பெரும் ஏவுதளத்தில் பழகிய ஸ்டைன் அந்தச் சிறு மாதிரிகளை ஏவிப் பார்த்து, தாம் தேடிய விடை இதுவே எனக் கண்டுகொண்டார். அந்த ஆண்டிலேயே அவர் தொடங்கிய சங்கம் இன்று தேசிய ராக்கெட்டுக் கழகமாக வளர்ந்து, நாடெங்கும் கிளைகளோடு விளங்குகிறது. டென்வர் நகரில் அவர் ஒரு சிறு கம்பெனியும் நடத்தினார். மருந்துக்குழல்களை ஒரே சீரான தரத்தில் செய்து தருவோர் வேண்டியிருந்தபோது, அந்நகரில் வாண வியாபாரம் செய்த ஒரு குடும்பத்தின் மகனாகிய வெர்னன் எஸ்டெஸ் என்ற இளைஞர் முன்வந்தார். அவர் அமைத்த யந்திரத்துக்கு மேபெல் என்று செல்லப் பெயர். 1959 ஜனவரியில் ஓடத் தொடங்கிய அந்த யந்திரம், ஐந்தரை விநாடிக்கு ஒரு குழலாகச் செய்து தள்ளியது.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒரு பாகுபாடு இருக்கிறது. ராக்கெட்டு என்பது இரண்டு கலைகளின் சேர்க்கை: மருந்தைக் கெட்டிக்கும் கலை ஒன்று, அதைச் சுமந்து நேராகப் பறக்கத் தக்க கலத்தைச் சமைக்கும் கலை மற்றொன்று. முன்னது அபாயம் நிறைந்தது. ஒரு சிறு பிசகையும் மன்னிக்காதது. பின்னதோ எத்தனை முறை தவறினாலும் கற்பிப்பது. ஆகவே மருந்துக்குழலைத் தேர்ந்த தொழிற்சாலையிலிருந்து வாங்குவது, கலத்தை மட்டும் அங்கத்தினர் தம் கையாலேயே செய்துகொள்வது என்று அச்சங்கம் வகுத்த நியதி, பார்வைக்கு எளியதாயினும், எத்தனையோ குழந்தைகளின் கைகளையும் கண்களையும் காத்த நியதியாகும்.

அந்தக் குழலின் உள்ளமைப்பு மிகுந்த யுக்தியோடு கூடியது. சாதாரணமாகப் பயன்படும் குழல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அடியில் களிமண்ணாலான ஒரு சிறு துவாரம். அதற்கு மேலே அழுத்திக் கெட்டித்த கறுப்பு மருந்து. அதற்கும் மேலே, உந்து விசை தராமல் மெதுவாகப் புகைந்து எரியும் ஒரு தாமதப் பகுதி. எல்லாவற்றுக்கும் மேலே, பாராசூட்டை வெளியே தள்ளுவதற்கென்று சிறிதளவு தூள். அதை மூடி ஒரு மெல்லிய களிமண் தட்டு. உந்து மருந்து ஓரிரு விநாடிக்குள் எரிந்து தீர்ந்துவிடுகிறது. பெற்ற வேகத்தினாலேயே ராக்கெட்டு மேலும் ஏறிக்கொண்டிருக்க, தாமதப் பகுதி புகைந்து, அதன் தடத்தை ஆகாயத்தில் கோடிட்டுக் காட்டுகிறது. ராக்கெட்டு உச்சியில் வேகமிழந்து நிற்கும் தருணத்தில் மேல்தூள் பற்றிப் பாராசூட்டை வெளியே தள்ளுகிறது. தள்ளுவது முந்திவிட்டால் பாயும் வேகத்தில் பாராசூட் கிழிந்துபோகும். பிந்திவிட்டாலோ ராக்கெட்டு தலைகீழாகப் பாய்ந்து மண்ணில் குத்தும். இதனாலேயே ஒவ்வொரு குழலின் மீதும் ஒரு குறி அச்சிடப்பட்டிருக்கிறது. ஏ8-3 என்றால், ஏ என்ற எழுத்து அதன் மொத்த உந்துதலின் வகையையும், 8 என்பது சராசரி விசை எட்டு நியூட்டன் என்பதையும், 3 என்பது தாமதம் மூன்று விநாடி என்பதையும் தெரிவிக்கும். ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி என்று எழுத்து ஒன்று உயர, மொத்த உந்துதலின் உச்ச வரம்பு இரட்டிக்கிறது. பத்து வயதுச் சிறுவன் இந்தக் குறியைப் படிக்கக் கற்கும்போதே, விசை என்றால் என்ன, காலம் என்றால் என்ன, இரண்டின் பெருக்கத்தால் விளைவது என்ன என்பதையெல்லாம் பாடப்புத்தகத்தின் உதவியின்றியே கற்றுவிடுகிறான்.

இனிக் கலத்தைச் செய்யும் முறையைச் சொல்லுவேன். உடல் காகிதத்தைச் சுருட்டிச் செய்த குழாய். அதன் ஓரத்தில் நேர்கோடு ஒன்று வரைவதே முதல் சங்கடம். உருண்டையான பொருளின்மேல் அளவுகோல் நிற்காது. பழகியவர்கள் கதவு நிலையின் உள்மூலையில் குழாயைச் சார்த்தி வைத்து, நிலையின் விளிம்பையே கோலாகக் கொண்டு கோடிழுத்துவிடுகிறார்கள். சிறகுகள் ஒட்ட வேண்டிய இடங்களைக் குறிக்க, ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றிக் கட்டி, சுற்றளவைக் குறித்துக்கொண்டு, அதை மூன்றாகவோ நான்காகவோ சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். சிறகுகளுக்கு உகந்தது தக்கைபோல் இலேசான பால்சா மரம். அதன் இழை, காற்றை முதலில் எதிர்கொள்ளும் முன்விளிம்புக்கு இணையாக ஓடும்படி வெட்ட வேண்டும். இழை மாறி ஓடினால் சிறகு பறக்கையிலேயே ஒடிந்துவிடும். முன்விளிம்பை உருட்டியும் பின்விளிம்பை மெலித்தும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டும்போது ஒரே பூச்சாகப் பூசிவிடாமல், சிறகின் அடியிலும் குழாயின் கோட்டிலும் பசையை இலேசாகத் தடவி உலரவிட்டு, மறுமுறை தடவிப் பொருத்தினால் பிடிப்பு உறுதியாகும். அதன்பின் இணைப்பின் இரு பக்கத்து மூலையிலும் பசையை விரலால் வழித்து வளைவாக நிரப்புவார்கள். இந்த வளைவு பார்வைக்கு அழகு தருவதோடு, காற்றின் உராய்வையும் குறைத்துச் சிறகையும் தாங்குகிறது. மரத்தின் நுண்துளைகள் அடையும்வரை பூச்சும் தேய்ப்புமாக மாறி மாறிச் செய்து, இறுதியில் வர்ணம் பூசுகிறார்கள். இத்தனை சிரத்தையும் ஒரு காகிதக் குழாய்க்காகவா என்று கேட்பவர்கள், நேர்த்தியாக வழவழப்பாக்கிய ராக்கெட்டும் சொரசொரப்பாக விட்ட ராக்கெட்டும் ஒரே குழலின் பலத்தில் ஏறும் உயர வித்தியாசத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், ராக்கெட்டு நேராகப் பறக்குமா என்பது வேறொரு நியதியைப் பொறுத்தது. தீபாவளி வாணத்துக்கு ஈர்க்குச்சி எதற்கோ, அதற்கே இந்த ராக்கெட்டுக்கு வால் சிறகுகள். பொருளின் எடையெல்லாம் குவிந்ததாகக் கருதத் தக்க புள்ளி ஒன்று; காற்றின் அழுத்தமெல்லாம் குவிந்ததாகக் கருதத் தக்க புள்ளி மற்றொன்று. எடைப் புள்ளி முன்னாலும் அழுத்தப் புள்ளி பின்னாலும் இருக்குமாயின், ராக்கெட்டு சற்றே சாய்ந்தாலும் காற்றே அதைத் தள்ளி நேராக்கிவிடும்; முறை மாறினாலோ அது ஆகாயத்தில் கரணமடித்து எந்தத் திசையில் பாயுமென்று சொல்ல முடியாது. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே குழாயின் விட்டத்தளவு தூரமாவது இருக்க வேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட விதி. எடைப் புள்ளியைக் கண்டுபிடிப்பது எளிது; மருந்துக்குழலைச் செருகி விரல்மேல் நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். அழுத்தப் புள்ளியைக் கண்டறிய, ஆரம்ப காலத்தில் ராக்கெட்டின் நிழலுருவை அட்டையில் வெட்டி, அந்த அட்டை சமனாக நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். 1966-ஆம் ஆண்டில், நாசாவின் ஆராய்ச்சி ராக்கெட்டுகளில் பணிபுரிந்த ஜேம்ஸ் பாரோமன் என்பவர், அந்தப் புள்ளியைக் கணக்கால் கண்டறியும் சூத்திரங்களைக் கழகத்தின் ஆண்டுப் போட்டி மாநாட்டில் வெளியிட்டார். பெரும் ஆராய்ச்சிக்கூடத்தில் பயன்பட்ட வித்தையைப் பள்ளி மாணவனும் காகிதமும் பென்சிலும் கொண்டு போடத் தக்க கணக்காக அவர் எளிமையாக்கித் தந்தது, அந்தப் பொழுதுபோக்குக்குக் கிடைத்த பெரும் கொடையாகும். கணக்குப் போட்ட பிறகும் கைப்பரீட்சை ஒன்று உண்டு. எடைப் புள்ளியில் நூலைக் கட்டி, ராக்கெட்டைத் தலைக்கு மேல் சுழற்றிப் பார்ப்பார்கள். மூக்கு முன்னோக்கிச் சென்றால் தேர்ச்சி. வால் முன்னோக்கினால் மூக்கில் சிறிது களிமண் எடையைச் சேர்க்க வேண்டும், அல்லது சிறகைப் பெரிதாக்க வேண்டும்.

இறங்குவதற்கான ஏற்பாட்டிலும் இதே கவனம் வேண்டும். பாராசூட்டை எரியும் தூளின் வெப்பம் உருக்கிவிடாமலிருக்க, தீப்பிடியாத காகிதத்தைக் கசக்கி அதற்கும் குழலுக்கும் இடையே வைக்கிறார்கள். பிளாஸ்டிக் தாள் மடிப்புக்குள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதன்மேல் முகப்பவுடரைத் தூவுகிறார்கள். மூக்குக் கூம்பு தனியே பறந்துபோகாதபடி ரப்பர் நாடாவால் உடலோடு பிணைக்கிறார்கள். மிகச் சிறிய ராக்கெட்டுகளுக்குப் பாராசூட்டுக்குப் பதில் ஒரு நீண்ட காகித நாடாவே போதும். காற்றில் படபடத்து வேகத்தைத் தணித்துவிடும்.

ஏவும் நாளில் அந்த மைதானத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ராக்கெட்டையும் முதலில் ஒரு பாதுகாப்பு அதிகாரி கையில் வாங்கி, சிறகுகளை அசைத்துப் பார்த்து, மூக்குக் கூம்பு மிக இறுகியோ மிகத் தளர்ந்தோ இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகே அனுமதி தருகிறார். எத்தனை அனுபவசாலியின் ராக்கெட்டாயினும் இந்தச் சோதனைக்கு விலக்கில்லை. ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டிய சிறு குழாய்த் துண்டு வழியே ஓர் எஃகுக் கம்பி நுழைந்து, முதல் சில அடிக்கு அதை வழிநடத்துகிறது. போதிய வேகம் பிறந்த பின்னரே சிறகுகள் தம் வேலையைச் செய்ய முடியும். தீக்குச்சிக்கும் திரிக்கும் அங்கே இடமில்லை. மின்சாரத்தால் சூடேறும் சிறு கம்பியே மருந்தைப் பற்ற வைக்கிறது. சிறு ராக்கெட்டுகளானால் பதினைந்து அடி தூரத்துக்கு அப்பால் நின்று, உரத்த குரலில் ஐந்திலிருந்து பின்னோக்கி எண்ணி, பொத்தானை அழுத்துகிறார்கள். பற்றவில்லையென்றால் சாவியைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிஷம் கழியும்வரை யாரும் அருகே செல்லக் கூடாது. காற்று மணிக்கு இருபது மைலுக்கு மேல் வீசினால் ஏவக் கூடாது. மேகத்துக்குள்ளோ விமானம் செல்லும் பக்கமோ ஏவக் கூடாது. மின்கம்பியிலோ உயர்ந்த மரத்திலோ சிக்கிய ராக்கெட்டை, அது எத்தனை நாள் உழைப்பாயினும், எடுக்க முயலக் கூடாது. இவை எழுதி வைத்து ஒவ்வோர் அங்கத்தினரும் ஒப்புக்கொண்ட விதிகள்.

போட்டிகளின் தன்மையிலும் முன் சொன்ன கொள்கை தெளிவாகத் தெரிகிறது. உயரப் போட்டியில், மைதானத்தின் இரு மூலைகளில் கோணமானிகளை நிறுத்தி, இரண்டு கோணங்களிலிருந்து முக்கோணக் கணக்கால் உயரத்தைக் கண்டார்கள்; உச்சியில் ராக்கெட்டு கண்ணுக்குத் தெரிவதற்காகப் பாராசூட்டோடு வர்ணச் சுண்ணத்தூளையும் வைத்தார்கள். அதோடு, பாராசூட்டில் நெடுநேரம் மிதக்கும் போட்டியும், குறித்த இடத்துக்கு மிக அருகில் இறக்கும் போட்டியும், உண்மை ராக்கெட்டு ஒன்றின் வரைபடங்களையும் புகைப்படங்களையும் சான்றாக வைத்து அதன் பிரதிமையைப் பிசகின்றிச் செய்யும் போட்டியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது முட்டையை ஏற்றி இறக்கும் போட்டி. அவிக்காத கோழிமுட்டையைச் சுமந்து ஏறிய ராக்கெட்டு, ஓடு விரிசல் காணாமல் அதைத் தரையிறக்க வேண்டும். உடைந்தால் அந்த ஏறுதல் கணக்கில் சேராது. 2003 முதல் அமெரிக்கப் பள்ளி மாணவருக்கென நடந்துவரும் பெரிய போட்டியிலும் முட்டையே பிரயாணி. குறித்த உயரத்தைத் தொட்டு, குறித்த கால அளவுக்குள் அதைப் பத்திரமாகக் கொண்டு வர வேண்டும். அந்த உயரத்துக்கு மேலே போவதும் கீழே நிற்பதும் ஒரே மாதிரிக் குறையாகவே மதிக்கப்படுகிறது. பலத்தைக் காட்டுவதைவிடப் பலத்தை அளந்து செலவிடுவது மேலானது என்ற பெரிய பாடத்தை இதைக் காட்டிலும் நன்றாகக் கற்பிக்க இயலுமென்று எனக்குத் தோன்றவில்லை.

சிறியதில் தேறியவர்கள் பெரியதற்குச் செல்கிறார்கள். அங்கே மருந்து மாறுகிறது. ரப்பர் போன்ற பொருளில் அம்மோனியம் பெர்குளோரேட்டைக் கலந்து உறையவைத்த உந்துபொருள் வருகிறது. காகிதக் குழாயின் இடத்தில் கண்ணாடி இழைக் குழாயும், மரச் சிறகின் இடத்தில் ஒட்டுப்பலகையும் வருகின்றன. காற்றழுத்தத்தை அளந்து உயரத்தை உணரும் மின்னணுக் கருவி, உச்சியில் ஒரு சிறு பாராசூட்டையும், தரையை நெருங்கும்போது பெரிய பாராசூட்டையும் தனித்தனியே விரிக்கிறது. முதலிலேயே பெரியதை விரித்துவிட்டால் காற்று அதை மைல் கணக்கில் இழுத்துக்கொண்டு போய்விடும். இந்தப் பெரிய குழல்களை வாங்க விரும்புவோர் மூன்று படிகளில் தகுதி பெற வேண்டும். இரண்டாம் படிக்கு எழுத்துப் பரீட்சையும், மூன்றாம் படிக்கு முழு வடிவமைப்பு விவரங்களையும் அனுபவமுள்ள அங்கத்தினரிடம் காட்டி ஒப்புதல் பெறுவதும் உண்டு. தகுதிக்காக ஏவும்போது இத்தனை அடி ஏற வேண்டுமென்று யாரும் கேட்பதில்லை. ராக்கெட்டு பாராசூட்டோடு இறங்கி, மறுபடியும் பறக்கத் தக்க நிலையில் இருக்கிறதா என்றுதான் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டின் பலன் வீண்போகவில்லை. அந்த உந்துபொருளை வெடிபொருளாகக் கருதி அரசாங்கம் விதித்த கெடுபிடியை எதிர்த்து, இரண்டு பெரிய ராக்கெட்டுச் சங்கங்கள் 2000-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தன. 2009-இல் தீர்ப்பு அவற்றுக்குச் சாதகமாக வந்தது. 2004 மே 17-ஆம் நாள் நெவாடா மாநிலத்தின் கருங்கல் பாலைவனத்திலிருந்து ஒரு பொழுதுபோக்குக் குழுவினர் ஏவிய ராக்கெட்டு நூறு கிலோமீட்டர் எல்லையைத் தாண்டி, விண்வெளியைத் தொட்ட முதல் தனியார்வலர் ராக்கெட்டு என்ற பெயரைப் பெற்றது. 2019 ஏப்ரலில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள், ஆசிரியரின் கையன்றித் தம் கையாலேயே வடிவமைத்துச் செய்த ராக்கெட்டு ஏறத்தாழ 103 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. காகிதக் குழாயில் தொடங்கிய ஒழுங்கு, விண்ணின் வாசல்வரை மனிதரை அழைத்துச் சென்றிருக்கிறது.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான். தீயின்மேலும் வானத்தின்மேலும் குழந்தைக்குப் பிறக்கும் ஆவலைக் கண்டு அஞ்சி அதட்டிவிடுவதும் தவறு. அதைத் தனியே விட்டுவிடுவது அதைவிடப் பெருந்தவறு. அறிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பதும், எழுதி வைத்த விதிகளை வயது வித்தியாசமின்றி எல்லோரும் மதிப்பதும் இருக்குமானால், அந்த ஆவல் கல்வியாக மலரும். மருந்தே வேண்டாதவர்கள், காலி பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரும் சைக்கிள் பம்பின் காற்றும் கொண்டே பள்ளி மைதானத்தில் ஆரம்பிக்கலாம். எதிர்வினையின் தத்துவமும், சிறகின் பயனும், இரண்டு புள்ளிகளின் நியதியும் அதிலும் அவ்வளவே உண்மையானவை. குழந்தைகளுக்கு நான் சொல்லக் கூடியது இன்னும் சுருக்கமானது: எந்தத் தூளையும் நீங்களாகக் கலக்காதீர்கள், எந்தத் தூளையும் நீங்களாகக் குழாயில் அடைக்காதீர்கள், குழாயையும் சிறகையும் பாராசூட்டையும் உங்கள் கையாலேயே செய்யுங்கள், ஏவுவதற்கு முன் அது எப்படி இறங்கப் போகிறது என்பதை யோசித்து முடித்துவிடுங்கள்.